பேரன் மனைவியின் கண்ணாடி ஸ்க்ரூ

என்னை எல்லாரும் கண்ணாடிக்கடைப் பாட்டி என்று அழைப்பார்கள். வயது எழுபத்து மூன்று. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கடைக்கு மேல்மாடியில் கடைசிப் பேரனுடன் குடியிருக்கிறேன். என் மூத்த பேத்தி கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். நடுப் பேரன் ரயில் ஓட்டுகிறான். கடைசிப் பேரன் மூக்குக்கண்ணாடி பொருத்துகிறவன்; அவன் முடுக்கிய ஸ்க்ரூ பத்து வருடமானாலும் கழலாது. இதைப் பெருமைக்கு மட்டும் சொல்லவில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது.

காணாமல் போனவள் இவன் மனைவி. அவள் அண்ணன் எங்கள்மேல் சந்தேகம் என்று போலீஸில் கொடுத்த புகாரில் விசாரிக்கப்பட்டு நான் கூறுவதாவது:

போன வருடம் எனக்குக் கண்ணில் புரை விழுந்தது. பேரன் கல்யாணம் செய்தால்தான் ஆபரேஷனுக்கு வருவேன் என்று அடம்பிடித்தேன். அதன் பிறகு அவன் எதிர்க்கடையில் ரொட்டி சுடும் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து அழைத்து வந்தான். அண்ணன் பார்த்த மாப்பிள்ளையிடமிருந்து அவளுக்கும் தப்ப வேண்டியிருந்தது. அதன் பிறகு எனக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தார்கள். பார்வை வந்ததும் அலமாரியில் துணி வைக்கும்போது இருவரும் கையெழுத்திட்ட காகிதம் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு வருடத்துக்கு மட்டும் கணவன் மனைவி, தனித்தனி அறை, வருடம் முடிந்தால் ஒருவரை ஒருவர் இருக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று இருந்தது. படித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அவள் கண்ணாடியின் இடப்பக்க ஸ்க்ரூ வாரம் தவறாமல் கழலும். ஞாயிறு காலையில் பேரன் மேசையில் துணி விரித்து அதை முடுக்கி, அவள் முகத்தில் தானே மாட்டி, "காதுல அழுத்துதா?" என்பான். "கொஞ்சம்" என்பாள். மறுபடி கழற்றி மாட்டுவான். கடையில் மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் ஆகும் வேலை இங்கே அரை மணி நேரம் நடக்கும்.

அதன் பிறகு, வருடம் முடிய ஒரு வாரம் இருந்தபோது நான், "ஏண்டா, ஊருக்கெல்லாம் முடுக்குற, பொண்டாட்டி கண்ணாடி மட்டும் உனக்கு அடங்காதா? கடைப் பேரு கெட்டுடும்டா" என்று கிண்டல் செய்தேன். அவன் பிடிபட்டவன்போல் விழித்தான். "கெடாது பாட்டி" என்று புது ஸ்க்ரூ போட்டு ஒரு சொட்டுப் பசையும் வைத்தான்.

அதன் பிறகு சனிக்கிழமை மாலை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கொண்டை ஊசி நுனியால் அந்த ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தாள். ஊசி வளைந்தது, ஸ்க்ரூ அசையவில்லை. என்னைப் பார்த்ததும், "இனிமே கழலாது போல இருக்கு பாட்டி" என்றாள்.

மறுநாள் பேரன் துணி விரித்து உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்கு அவள் பையோடு வந்து, "கண்ணாடி சரியா இருக்குங்க. வரேன்" என்று படியிறங்கினாள். அன்றோடு வருடம் முடிந்தது. கையெழுத்துப் போட்டவன் என்பதால் அவன் இருக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. நான் கேட்டிருக்கலாம்.

அவளை யாரும் ஒன்றும் செய்யவில்லை. இப்போதும் ஞாயிறுதோறும் மேசையில் துணி விரிகிறது.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. கட்டைவிரலைக் கேட்டார்கள். கையெழுத்தே போட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. தேடுவதற்கு நான் கொடுத்த போட்டோ கல்யாணத்தன்று எடுத்தது. இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடைவெளி. கண்ணாடியையும் கழற்றி வைத்திருந்தாள். அவளைக் கண்டால் இழுத்துவர வேண்டாம். ஸ்க்ரூவை முடுக்க வைத்தது கிழவி என்று மட்டும் சொல்லுங்கள். கண்ணாடியோடு புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடச் சொல்லுங்கள். காதில் அழுத்துகிறதா என்று இவன் பார்த்துச் சொல்வான்.