மணியடிப்போர் பதவி, ஆண்டுக்கு நாற்பது பவுன்

எனக்குச் சூடான சூப் பிடிக்கும். எட்டு மாதம் பனியும் நாலு மாதம் காற்றுமாக இருக்கும் ஒரு தீவில் இருபத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவனுக்கு அது பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். விசாரணை அதிகாரி ஐயா, இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சூப்புக்காகத்தான் எழுத்தர் டில்லி இதைச் செய்தான் என்று ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்களாம். அது தப்பு. நான் செய்தது விதிக்காக.

செயின்ட் பிரிட்ஜெட் தீவின் கவர்னர் அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். தீவின் பதவிகளும் சம்பளங்களும் ஒரே பட்டியலில் அடக்கம். வருஷா வருஷம் அதை நான்தான் எழுதுவேன், கவர்னர் கையெழுத்துப் போடுவார், லண்டன் சரி என்று முத்திரை குத்தி அனுப்பும். மொத்தம் நாற்பத்தோரு பதவி. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்தப் பதவிகூட என் கையெழுத்தில் எழுதியதுதான். முந்நூற்றுப் பத்துப் பவுன், குதிரைப்படி தனி. தீவில் குதிரை ஓடுகிற சாலை ஒரு மைல்கூட இல்லை என்றாலும் உங்களுக்காக அதை நான் விடாமல் எழுதி வந்தேன். நன்றி எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

மகாராணியின் பிறந்தநாளுக்கு, மே இருபத்துநாலாம் தேதி, கவர்னர் மாளிகையில் விருந்து நடப்பது உங்களுக்குத் தெரியும். இருநூற்றைம்பது பவுனும் அதற்கு மேலும் வாங்குகிறவர்களுக்கு உள்ளே, கணப்புக்குப் பக்கத்தில் நீள மேஜை. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வராந்தாவில் மேஜை. சமையலறையிலிருந்து வராந்தாவுக்கு நாற்பது அடி, அதுவும் வாசல் வழியாக, கடல்காற்றில். எங்களிடம் வந்து சேரும்போது சூப்பின் மேல் ஆடை கட்டியிருக்கும். என் சம்பளம் இருநூற்றுப் பத்து. கால்நடை டாக்டர் வீவருக்கு இருநூற்றைம்பத்தைந்து. தீவில் இருப்பது பதினோரு மாடு. அவர் உள்ளே உட்கார்ந்து மூக்கு வியர்க்கக் குடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி பத்தொன்பது விருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

என் மனைவி ஹெட்டிக்கு என்னைவிட வயிற்றெரிச்சல். போன வருஷ விருந்து முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, மாட்டு டாக்டர் பொண்டாட்டி என்ன கேட்டா தெரியுமா? 'ஹெட்டி, வராந்தாவுல காத்து நல்லா வருமே'ங்கறா. அவ புருஷன் மாட்டோட வாலத் தூக்கிப் பாக்கறதுக்கு உள்ள இடம். ஊருக்கே சம்பளம் எழுதற மனுஷனுக்கு வெளிய. உங்களுக்கு நீங்களே ஒரு நாப்பது பவுனு போட்டுக்கத் துப்பில்லையா?"

துப்பு இல்லாமல் இல்லை. லண்டனுக்கு ஒரு விதி உண்டு. ஒருவருக்கு ஏற்ற வேண்டுமானால் அதே பட்டியலில் இன்னொரு இடத்தில் அவ்வளவு குறைய வேண்டும். நான் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தேன். நாற்பதாவது வரியில் இருந்தது: மணியடிப்போர், கறுப்புப் பல் பாறை, ஆண்டுக்கு நாற்பது பவுன். சரியாக நாற்பது. இதைத் தெய்வச் செயல் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

கறுப்புப் பல் துறைமுக வாயிலில் நிற்கிற பாறை. மூடுபனி இறங்கினால் அது கண்ணுக்குத் தெரியாது. கப்பல் ஊதும். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டிலிருந்து டார்க்கஸ் பென்னி மணியடிப்பாள். மணியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு கப்பல் உள்ளே வரும். மணி கேட்கவில்லை என்றால் தீவு இன்னும் தூரம் என்று மாலுமிகள் எடுத்துக்கொள்வார்கள். டார்க்கஸ் பதினாறு வருஷமாக அடித்தாள். அந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு கப்பல்கூடப் பாறையில் மோதவில்லை. ஆகவே நான் எழுதினேன்: "பதினாறு ஆண்டுகளாக விபத்தே இல்லாததால் இந்தப் பதவி தேவையற்றது." கவர்னர் மீன்பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கியபடி கையெழுத்துப் போட்டார். லண்டன் சரி என்றது, சம்பளக் கமிஷனர் ஒருவர் பிறகு வந்து பார்வையிடுவார் என்ற குறிப்போடு. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எனக்கு இருநூற்றைம்பது. ஹெட்டி பச்சைப் பட்டில் உடுப்புத் தைக்கக் கொடுத்தாள், வீவரின் மனைவியைக் கூட்டிப்போய்த் துணியையும் காட்டினாள்.

டார்க்கஸ்தான் பிரச்சினை. பதவி போன பிறகும் அடித்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"சம்பளம் நின்னா பனியும் நின்னுடுமா டில்லி ஐயா? காசு குடுக்காட்டிப் போங்க. என் கை சும்மா இருக்காது."

நல்ல மனசுதான். ஆனால் இல்லாத பதவியின் வேலையை ஒருவர் செய்தால், பின்னாளில் அதற்குச் சம்பளம் கேட்க அவருக்கு உரிமை வந்துவிடும். ஒரு ஒழுங்கு வேண்டாமா? அதனால் மணியின் நாக்கைக் கழற்றி என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இருப்புப் புத்தகத்திலும் எழுதினேன்: இரும்பு நாக்கு, ஒன்று.

மே மாதம் ஐந்தாம் தேதித் தபாலில் கமிஷனர் கிரிம்ஷாவின் கடிதம் வந்தது. கவர்னருக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பதும் நான்தான். பதினாலாம் தேதி 'பெட்ரல்' கப்பலில் வருகிறாராம். மணியடிப்போர் பதவியை எடுத்தது சுத்தப் பைத்தியக்காரத்தனமாம். வந்து இறங்கியதும் கவர்னரிடம் நேரில் பேசி அதைத் திரும்பச் சேர்த்து, தலைமை எழுத்தரின் உயர்வை ரத்து செய்யப்போகிறாராம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விருந்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். ஹெட்டியின் உடுப்பு தையல்காரியிடமிருந்து வந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கடிதத்தை நான் எரித்திருக்கலாம் என்று நேற்று சொன்னீர்கள். ஐயா, நான் எந்தக் காகிதத்தையும் அழிக்கிறவன் இல்லை. வந்த தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, என் சுருக்கக் கையெழுத்தையும் போட்டு, 'கவர்னர் பார்வைக்குக் காத்திருப்பவை' என்ற கோப்பில் வைத்தேன். நீங்கள் அதை அங்கேதான் எடுத்தீர்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை என்று உங்கள் ஆள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதினாலாம் தேதி காலை பதினோரு மணிக்குப் பனி இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே கொடிமரம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கப்பல் ஊதியது. டார்க்கஸ் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"நாக்கக் குடுங்க ஐயா. கப்பல் ஊதுது, காதுல விழலையா?"

"விழுது. உக்காருங்க டார்க்கஸ்."

"உக்காரவா நான் ஓடியாந்தேன்?"

இருப்புப் பொருளை எடுக்க ஒரு படிவம் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே பெயரை எழுதினாள். அடுத்த கட்டம் காலியாக இருந்தது.

"எந்தப் பதவியில கேக்கறீங்கன்னு எழுதணும்."

"மனுஷிங்கற பதவியில."

"அது பட்டியல்ல இல்லீங்களே."

"அட பாவி மனுஷா, கப்பல்ல உசுருங்க இருக்கு. சாவி எங்க?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மொத்தம் ஆறு இழுப்பறை. கப்பல் மறுபடியும் ஊதியது, இந்தத் தடவை பக்கத்தில். அவள் கணப்புக் கம்பியை எடுத்து அலமாரியை நாலு போடு போட்டாள். தேக்கு, அசையவில்லை. கீறலை இருப்புப் புத்தகத்தில் குறித்திருக்கிறேன். அப்புறம் கரி வாளியைத் தூக்கிக்கொண்டு, கம்பியால் அதை அடித்தபடியே மேட்டுக்கு ஓடினாள். வாளிச் சத்தம் அவ்வளவு தூரம் போகவில்லை.

கமிஷனரும் நாலு மாலுமிகளும் இறந்தார்கள். டார்க்கஸ் தன் படகை எடுத்துப்போய்ப் பதினேழு பேரைக் கரை சேர்த்தாள். அதற்கும் அவளுக்குப் பதவி எதுவும் கிடையாது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மணி நின்றுபோனதைக் கப்பல்காரர்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டியது துறைமுக இலாகா. அது வேறு இலாகா.

கடைசியாக நீங்கள் கேட்டது சாவியைப் பற்றி. அது என் கடிகாரச் சங்கிலியில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். இழுப்பறைகளைத் திறந்துகொண்டிருந்தபோது நடுநடுவே நேரம் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் சாவி விரலில் தட்டுப்பட்டது. 'பெட்ரல்' பாறைக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிஷம் இருக்கும்போது ஊதல் நின்றது. ஆறாவது இழுப்பறையை மூடினேன். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஆனால் சூப்புக்காக இல்லை. விதிப்படிதான் செய்தேன், விதி இன்றைக்கும் என் பக்கம்தான் இருக்கிறது.

பத்து நாள் கழித்து விருந்து நடந்தது. நீங்களும் இருந்தீர்கள், எனக்கு எதிரே, வீவருக்குப் பக்கத்தில். ஹெட்டி பச்சைப் பட்டின் மேல் கறுப்பு நாடா கட்டியிருந்தாள். சூப்பைப் பரிமாறி முடித்ததும் கவர்னர் இறந்தவர்களுக்காக எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். தலையைக் குனிந்து ஒரு நிமிஷம் முழுக்க நின்றோம். அந்த ஒரு நிமிஷம்தான் ஐயா, எனக்கு உண்மையிலேயே நெஞ்சு படபடத்தது. சூப் ஆறிப்போய்விடுமோ என்று. ஆறவில்லை.