சார்ஜென்ட்டை நான் பழக்கிய விதம்

பூனை வளர்ப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை, தாண்டெகா. வேளைக்கு ஒரு பிடி கபெந்தாக் கருவாடு, ஒரு கிண்ணம் தண்ணீர், படுத்துக்கொள்ள வெயில் விழும் ஓர் இடம். மனிதர்கள்தான் அதில் அன்பு, நன்றி, ஏக்கம் என்று எதையெதையோ கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். உன் அம்மா அதில் பெரிய கை.

அம்மாவின் அடக்கத்துக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டு லீட்ஸுக்குத் திரும்பினாய். போன பிறகு இரண்டு முறை போனில் கேட்டுவிட்டாய். "ரோஜா முள்ளு குத்தி யாராவது சாவாங்களா, மெலுசி?" அபூர்வமாகச் சாவார்கள். உன் அம்மா அப்படிச் சாகவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு போனில் அழுகிறவளுக்கு விளக்கம் சொல்லும் கடமை எனக்குக் கிடையாது. ஆனாலும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் மாதம் என் அத்தை, அதாவது உன் அம்மா, இடுப்பெலும்பு முறிந்து முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. அங்கே பிராணிகளுக்கு அனுமதி இல்லை. அவள் பூனை சார்ஜென்ட்டுக்கு அப்போது பதின்மூன்று வயது. செம்பட்டை நிறம், கிழிந்த ஒரு காது, கோழியை விடக் கனம். மீட்டர் பார்க்க வருகிறவர் கேட்டுக்கு வெளியே நின்றே எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார். பாதிரியார் கையில் ஏழு தையல். பூனையை எடுத்துக்கொள்ள புலவாயோ நகரம் முழுவதிலும் ஒருவரும் இல்லை.

"அவனுக்குக் கோபமெல்லாம் இல்லடா, கொள்கை," என்றாள் அத்தை, கூடையை என் மடியில் வைத்து. "ஆளப் பாத்தே சொல்லிடுவான், யாரு உள்ளுக்குள்ள எப்படின்னு."

"உங்களை மட்டும் கடிக்கிறதில்லையே, அத்தை."

"அதான் சொல்றேன்."

இதை நான் முதல் முறையாகக் கேட்கவில்லை. அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அத்தைதான் வளர்த்தாள். தலைமையாசிரியை வளர்ப்பு, சோற்றுக்கும் துணிக்கும் படிப்புக்கும் ஒரு குறையும் இல்லை. அதை எங்கும் சொல்வேன். பிறகு கால்நடை மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்தாறு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். சர்ச் பெண்கள் வீட்டுக்கு வரும்போது, "இவன் என் அண்ணன் மகன். மாட்டு டாக்டர்கூட இல்ல, மாட்டு டாக்டருக்குப் பொட்டலம் கட்டறவன்," என்று அறிமுகம் செய்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அந்த நேரம் பார்த்து சார்ஜென்ட் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்து என் கணுக்காலைக் கீறும். "பாத்தீங்களா, அவனுக்கே தெரியுது," என்பாள். மறுபடி சிரிப்பார்கள். பதின்மூன்று வருடம் இதே நகைச்சுவை. கற்பனை வளம் அவ்வளவுதான். நானும் கூடவே சிரித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டுக்கு வந்த முதல் வாரம் பூனை என்னைப் பதினோரு முறை கடித்தது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பூனை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அத்தை போன் செய்வாள். என்னிடம் ஒரே வாக்கியம்தான்: "ஸ்பீக்கர்ல போடுடா." பிறகு அவள் பூனையோடு பேசுவாள். "என் ராசா, எங்கடா இருக்கே, அம்மா பேசறேன்." சார்ஜென்ட் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்து போனில் முகத்தைத் தேய்க்கும். ஒரு கிழவியும் ஒரு கிழட்டுப் பூனையும் என் சாப்பாட்டு மேஜைமேல் கால் மணி நேரம் கொஞ்சிக்கொள்வார்கள். போனை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். முடிந்ததும் அவளே வைத்துவிடுவாள்.

என் தொழிலில் ஒன்று கற்றிருக்கிறேன். மிருகத்துக்கு மனசு என்று தனியாக எதுவும் கிடையாது. இது வந்தால் அது வரும் என்று பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான். உன் அம்மா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டாள். ஆகவே நிரூபித்துக் காட்டலாம் என்று நினைத்தேன்.

அவள் அனுப்பிய குரல் பதிவுகள் என் போனில் நிறைய இருந்தன. இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் தெளிக்கும் புட்டி ஒன்றும், சட்டி மூடிகள் இரண்டும் எடுத்துக்கொண்டேன். "என் ராசா" என்று அவள் குரல் வந்த உடனே, பூனையின் முகத்தில் தண்ணீரை அடித்து, காதருகே மூடிகளைத் தட்டுவேன். காலையில் பத்து முறை, மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது பத்து, சாயங்காலம் பத்து. குரல் நின்றதும் மூடிகளை வைத்துவிட்டு, கருவாட்டை என் உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். ஒருமுறைகூட அதை நான் அடிக்கவில்லை. அந்த மாதிரி ஆட்களை எனக்குப் பிடிக்காது.

பத்தொன்பதாம் நாள் அவள் குரல் கேட்டதும் சார்ஜென்ட் காதுகளை மடித்துக்கொண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. ஆறாவது வாரம் அது ஒளிவதை விட்டுவிட்டுப் போன்மேல் பாய ஆரம்பித்தது. அதே சமயத்தில் என்னைக் கடிப்பதும் நின்றுபோனது. என் காலடியில் படுத்துக்கொள்ளும். சாயங்கால அழைப்பின்போது அதை அறையில் பூட்டிவிட்டு, "ஆமா அத்தை, போனை நக்கறான்," என்று சொல்வேன். அவள் சந்தோஷப்பட்டாள். அவ்வளவு எளிதாக ஏமாறுகிறவளா முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினாள் என்று ஆச்சரியமாக இருந்தது.

ஜூன் மாதம் அவளுக்கு எழுபத்தெட்டாவது பிறந்தநாள் வந்தது. இல்லத்து மேட்ரனிடம் நானே கேட்டு அனுமதி வாங்கினேன். தோட்டத்தில், மர நிழலில், அரை மணி நேரம். நல்ல மருமகன் என்று மேட்ரன் என்னைப் பாராட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை, குளிர்கால வெயில். அத்தை நீல உடை போட்டு, தலைக்கு வண்ணத்துணி கட்டி, சக்கர நாற்காலியில் காத்திருந்தாள். வேடிக்கை பார்க்க இன்னும் ஏழெட்டுக் கிழங்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். என் பூனை வருது, என் பூனை வருது என்று ஒரு வாரமாகப் பெருமை அடித்திருக்கிறாள்.

கூடையை அவள் மடியில் வைத்தேன். அவளே திறந்தாள்.

"என் ராசா, எங்கடா இருக்கே, அம்மா..."

அதற்குமேல் பேச முடியவில்லை. சார்ஜென்ட் அவள் வலது கையைக் கட்டை விரலுக்குக் கீழே கவ்விக்கொண்டு விடவே இல்லை. நான் கூப்பிட்டதும் விட்டுவிட்டு வந்து என் தோளில் ஏறிக்கொண்டது.

பக்கத்து நாற்காலிக் கிழவர் ஒருவர், "அம்மா, அது யாரோட பூனை?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னைத் தெரியலையாடா அவனுக்கு?"

"அவனுக்கு ஆளைத் தெரியும்னு நீங்கதானே சொல்வீங்க, அத்தை."

என் கணக்குப்படி விஷயம் அங்கே முடிந்துவிட்டது. நான் நினைத்திருந்ததும் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை ஆரம்பித்தவள் உன் அம்மா. மற்றவர்கள் டீ குடிக்க உள்ளே போனதும் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத, மெலுசி. பாத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். கடிச்ச மிருகம்னு தெரிஞ்சா வெறிநோய்க்குப் பயந்து ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க."

"நர்ஸ் கேட்டா?"

"ரோஜாச் செடில கை வெச்சேன்னு சொல்றேன். நீயும் அதையே சொல்லு. அவன் மேல தப்பில்லடா. இவ்வளவு நாள் விட்டுட்டு வந்தது நான்தானே."

கீறல் என்றால் கவலை இல்லை. பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே துளை மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. என் வேலையில் இது அரிச்சுவடி. கடைக்கு வரும் பண்ணைக்காரர்களிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்கிற விஷயம். அவளிடம் சொல்லவில்லை. நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, ரோஜா முள் என்றேன். என் அத்தை சொன்ன சொல்லை மீறி எனக்குப் பழக்கமில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போனேன். அதுவரை மாதத்துக்கு ஒருமுறைதான் போவேன். திங்கட்கிழமை மணிக்கட்டு சிவந்திருந்தது. புதன்கிழமை வீக்கம் முழங்கைக்கு வந்துவிட்டது. நீளக் கை ஸ்வெட்டர் போட்டு மறைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை பல் கிட்டியது, குளிர் என்றாள். வெள்ளி ராத்திரி காய்ச்சலில் உளறியிருக்கிறாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை முடிந்தது. இரத்தத்தில் நஞ்சு ஏறிவிட்டது என்றார்கள்.

கொலை என்று நீ சொல்லலாம். நீ உணர்ச்சிவசப்படுகிறவள். நான் இதை எப்படிப் பார்க்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையிலேயே கடையிலிருந்து இதற்கான மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். மனிதருக்கும் அதே மருந்துதான். ஐந்து நாளும் அது என் பையில் இருந்தது. ஐந்து நாளும் ஒரு மணி நேரம் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். மருந்தைக்கூடக் கேட்க வேண்டாம். நீ எப்படிடா இருக்கே, என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

சார்ஜென்ட் ராத்திரி எங்கே படுக்கிறான், குளிருக்கு ஏதாவது போர்த்துகிறேனா, நகம் வெட்டினேனா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பார்வை நேரம் முடிந்ததும் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன்.