துண்டுக்குள் ஒரு கை

ஒரு மனிதனின் புத்திக்கு என்ன விலை என்று கேட்டால், வாரத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு சீப்பு நேந்திரம்பழமும் என்பேன், சார். கருப்புசாமிக்கு நான் கொடுத்தது அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத் தரகு எங்களுக்கு. விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவோம். என் கூட்டாளி சுதீப் தொழுவத்தில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தபோது, எங்கள் மாட்டுக்காரன் கருப்புசாமி கையில் கயிறோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வாயில் பேச்சில்லை. விசாரணைக்கு நிற்கும் மனநிலை இல்லையென்று கோர்ட் அவனை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. புத்தி தெளிந்தால்தான் வழக்கு நடக்குமாம். அதுவரை தொங்கும். தொங்குகிற எதையும் யாராவது ஒருநாள் இழுத்துப் பார்ப்பார்கள்.

அதனால் பழத்தோடு போனேன். டாக்டர் சுஷ்மாவுக்குச் சந்தோஷம். "சேட்டன் அடுத்து இருந்தா இவர் பேசும்," என்றார், பக்கத்தில் நான் இருந்தால் பேசுகிறான் என்று மலையாளத் தமிழில். பேசாமல் என்ன? என் துண்டு அவன் மடியில், என் கை அதற்குள். தீர்ப்புச் சொல்வது யார் என்று டாக்டர் கேட்டால், நான் அவன் ஆள்காட்டி விரலைப் பிடிப்பேன்; "ஜட்ஜி" என்பான். நடுவிரலுக்கு "வக்கீல்". சுண்டுவிரலுக்கு, "நாந்தானுங்க கொன்னேன்". சந்தையில் வளர்ந்தவன், சீக்கிரம் பழகிக்கொண்டான்.

மருந்தும் வேலை செய்யும் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டான்: "ஏனுங்கண்ணா, அன்னிக்குச் செவலைய எதுக்குங்க அவுத்து உட்டீங்க?"

"எந்தச் செவலைக் காளைடா?"

"அதோட கயித்துக்குத்தானுங்களே அவுத்தீங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அடுத்த வாரத்தைக் கணக்குப் போட்டேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். போனால் அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். போனேன்.

கடைசிப் பரிசோதனையில் டாக்டர் கேட்டார், "சுதீபைக் கொன்னது யாரு?"

சுண்டுவிரலைப் பிடித்தேன். துண்டுக்குள் அவன் கை புரண்டு, என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. காளையை இழுத்துப் பழகிய கை. உருவப் பார்த்தேன், முடியவில்லை. மறுகையால் துண்டை எடுத்துக் கீழே போட்டான்.

"இந்தக் கைதானுங்கம்மா."

இப்போதும் கையை மடியில் வைக்கப் பயமாக இருக்கிறது, சார். ஏதோ வந்து பிடிக்கிறது.

ஆமாம், நெரித்தது நான்தான். செவலைக்கு நான் வாங்கிய முன்பணத்தில் சுதீப் பாதி கேட்டான். பார்த்து உறைந்து நின்றவன் கையில் கயிற்றைத் திணித்ததும் நான்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: எடுத்தது ஓர் உயிர், கொடுத்தது ஒரு புத்தி. ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிட்டது. பழக்காசு மட்டும் எனக்கு வரவேண்டும்.