பொன்னுருக்கலுக்குக் கொண்டுபோன கலோரிமானி

பொன்னுருக்கலுக்குப் போகும் பெண்வீட்டார் பழத்தட்டும் பலகாரமும் கொண்டுபோவது வழக்கம். நான் அவற்றோடு ஒரு கலோரிமானியும் கொண்டுபோனேன். அது ஒரு செம்புக் கிண்ணம், ஐயா. சுற்றிவரப் பஞ்சு, வெளியே மரப்பெட்டி, மேலே மூடி. மூடியில் வெப்பமானிக்கு ஒரு துளை, கலக்கிக்கு ஒரு துளை. சூடு வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்ளும் கிண்ணம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் போதும்.

நான் நல்லூரில் ரியூசன் வைத்து உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஓர் உலோகத்தைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தால், அந்த உலோகத்தின் தன்வெப்பக் கொள்ளளவு தெரிந்துவிடும். ஒவ்வோர் உலோகத்துக்கும் அது வேறு. செம்புக்கு அதிகம், தங்கத்துக்குக் குறைவு. இதைப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் ஈயக்குண்டை வைத்துத்தான் காட்டியிருக்கிறேன். ஒரு மனிதன் ஈயக்குண்டையே எவ்வளவு காலத்துக்குப் பார்த்துக்கொண்டிருப்பது? தங்கத்தில் ஒருதரம் செய்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. வேறு கெட்ட பழக்கம் ஒன்றும் என்னிடம் இல்லை.

இந்த நிலையில்தான் என் மகள் தர்சிகாவுக்கும் உடுவில் தியாகராசாவின் மகன் சிவரூபனுக்கும் கலியாணம் முற்றாகியது. அவர்களாகவே விரும்பியது, பிறகு நாங்கள் பேசி ஒப்பேற்றினோம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் நல்லநேரம் பார்த்து ஒரு பவுண் காசை உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. உருக்கியபின் கலியாணம் குழம்பினால் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் பேசுவது லேசில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று தயவுசெய்து எழுதவேண்டாம்.

வாகனத்தில் ஏறும்போதே என் மனைவி சிவகௌரி பெட்டியைக் கண்டுவிட்டாள்.

"உதென்னப்பா மடியிலை?"

"பரிசோதனைச் சாமான்."

"சபையிலை உதை எடுத்து வைச்சு மானத்தை வாங்காதேங்கோ."

மானம் போகவில்லை. பொற்கொல்லர் தம்பிஐயா பத்தர் கரிநெருப்பை ஊதிக் காசை உருக்கி முடித்ததும், ஆற்றுவதற்கு வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியை நகர்த்திவிட்டு என் கலோரிமானியை வைத்தேன். அது பெண்வீட்டாரின் ஏதோ சடங்கென்று சபை நினைத்துவிட்டது. யாரோ ஓர் அம்மா வந்து மரப்பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நானும் தடுக்கவில்லை.

"சட்டியிலை விட்டால் என்ன, மாஸ்டர்?" என்று பத்தர் கேட்டார்.

"சட்டியிலை விட்டால் சூடு ஓடிப்போகும், பத்தர்."

பொன் உள்ளே விழுந்து சீறியது. மூடிக் கலக்கினேன். வெப்பமானியில் இரச நிரல் ஏறியது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஏறிய நிரலை நான் கண்டதில்லை. வீடியோக்காரப் பொடியன் மட்டும், "சேர், இன்னொருக்கால் கலக்குங்கோ, வடிவா விழேல்லை" என்றான். கலக்கினேன். கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தங்கத்துக்கு வரவேண்டிய பெறுமானத்தைப் போல ஒன்றரை மடங்கு வந்தது.

ஓர் ஆசிரியன் பெறுமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கக் கூடாது. எழுந்து நின்று சொன்னேன். "சம்மந்தி, இதிலை நாலிலை ஒரு பங்கு செம்பு."

பலகாரத்தட்டோடு வந்த பெண்பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள்.

"மாஸ்டர், அது என்ரை அம்மாவின்ரை காசு" என்றார் தியாகராசா. பிறகு அவர் மெல்லத் திரும்பிப் பத்தரைப் பார்த்தார். பத்தர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"நான் ஒண்டும் செய்யேல்லை ஐயா. எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தனியள்தானே."

சிவரூபன் என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான். "மாமா, முழுக்கச் செம்பெண்டாலும் எனக்குக் காரியமில்லை. நான் கட்டுறன்."

நல்ல பிள்ளை. ஆனால் அளவீடு என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை. "தம்பி, இது கலியாணத்தைப் பற்றின கதையில்லை, பெறுமானத்தைப் பற்றின கதை" என்று விளங்கப்படுத்தினேன்.

கடைசியில் பெரியவர்கள் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். திங்கட்கிழமை பட்டினத்தில் ஒரு நகைக்கடையில் கொடுத்துச் சோதிப்பது, அதுவரைக்கும் பொன் என்னிடம் இருப்பது. "மாஸ்டர் நேர்மையான மனிசன், அவரே வைச்சிருக்கட்டும்" என்று சொன்னவர் தியாகராசாதான்.

சோதித்தார்கள். செம்பு இருந்தது. செம்பில் தாலி கட்டப் பார்த்த குடும்பம் என்று ஊர் கதைத்தது. தியாகராசா வெட்கத்தில் வெளியே தலைகாட்டவில்லை, கலியாணத்தை அவரே நிறுத்திவிட்டார். பத்தரிடம் இப்போது ஒருவரும் ஒரு மூக்குத்தி திருத்தக்கூடக் கொடுப்பதில்லை. காசை மாற்றிவிட்டார் என்ற முறைப்பாட்டில் அவர் உங்கள் பொலிஸ் நிலைய வெளிவாங்கில்தான் குந்தியிருக்கிறார். வரும்போது கண்டேன், வணக்கம் சொன்னேன்.

நான் இங்கே வந்தது அவருக்காக அல்ல. நகைக்கடை அறிக்கையில் செம்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட என்று போட்டிருக்கிறது. நான் சபையில் சொன்னது நாலில் ஒரு பங்கு. இந்த வித்தியாசம் என் அளவீட்டில் நேர்ந்த பிழையென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது கலந்ததில் நேர்ந்த பிழை. கலந்தது நான்.

பொன்னுருக்கலன்று பின்னேரம், என் கணக்கில் ஒரு படி விடுபட்டிருப்பது தெரியவந்தது. பொன்னில் குறை ஒன்றும் இல்லை. ஒரு பரிசோதனையில் முடிவும் மாதிரியும் ஒத்துவராவிட்டால் இரண்டில் ஒன்றைத் திருத்தவேண்டும். முடிவை நான் ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். மாதிரி மேசையில்தான் இருந்தது. எதைத் திருத்துவது லேசென்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பொன்னில் கால்வாசியை வெட்டி எடுத்தேன். அதே நிறைக்குப் பழைய மின்கம்பியில் செம்பு நறுக்கி, ஆய்வுகூடத்துப் புடக்குகையில் ஊதுவிளக்குச் சூட்டில் இரண்டையும் சேர்த்து உருக்கினேன். பவுண் காசில் ஏற்கெனவே கொஞ்சம் செம்பு உண்டு என்பதை மறந்துபோனேன். அதுதான் அறிக்கையில் கூடிக் காட்டுகிறது. வெட்டிய பொன் எங்கள் வீட்டுச் சீனிப்போத்தலுக்குள் இருக்கிறது, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தங்கத்தில் ஆசை கிடையாது.

இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறீர்கள். தர்சிகாவுக்குத் தெரியும். அவளும் என்னிடம் படித்தவள். அன்று பின்னேரம் அழுது வீங்கின முகத்தோடு வந்து, என் கணக்கை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, மறைவெப்பத்தை விட்டிட்டியள். உருகின பொன் இறுகேக்கை அந்த வெப்பத்தையும் தண்ணிக்கு விடுமெல்லே. அதைக் கழிச்சுப் பாருங்கோ, எல்லாம் சரியா வரும்." தன் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினாள். "சிவரூபன்ரை அப்பாவோடை ஒருக்காக் கதையுங்கோ. கணக்குப் பிழைச்சுப் போச்செண்டு மட்டும் சொல்லுங்கோ, காணும்."

நான் அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். "உதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. உள்ளை போ, பிள்ளை" என்றேன்.

போனாள். இன்றுவரைக்கும் சொல்லவில்லை, சிவரூபனுக்குக்கூட. திங்கட்கிழமை செம்பென்று முடிவு வந்தபோது என் முகத்தை ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான். நான் படிப்பித்த இத்தனை பிள்ளைகளில், ஒருவரும் கேட்காமல் தானாகவே பிழையைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான், ஐயா. அன்றைக்கு அவளை நினைக்க எனக்குச் சொல்லமுடியாத பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் ஊதுவிளக்கைப் பற்றவைத்தேன்.