கைக்கடுப்பு

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் சிதம்பரத்தில் மண்டபங்கள் சும்மா கிடக்கும். கடலூர் மைதானத்தில் மழைத் தண்ணீர் வடியாத அந்த மாதத்தில், எங்கள் பேஸ்பால் அணியின் கேட்சர் கதிரவனும் நானும் மேல வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தின் பந்திக்கூடத்தில் பயிற்சி செய்தோம். ஒரு கோடியில் நீலத் தார்ப்பாய் கட்டி, மறு கோடியிலிருந்து எறிவோம்.

கேட்சர், அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருப்பவன். எதிரணிக்காரன் பந்து அடிபடாமலே இரண்டாம் பேஸ் என்ற அடுத்த நிலையைத் திருட ஓடினால், எழுந்து, அவனுக்கு முன்பே பந்தை அங்கே சேர்க்க வேண்டும். கதிரவனின் வீச்சு இன்னும் கொஞ்சம் வேகமெடுத்தால் தை மாதத் தேர்வில் மாநில அணி நிச்சயம். நானும் கேட்சர்தான், இரண்டாவது கேட்சர். அவன் எறிந்தால் தார்ப்பாய் வெடிப்பதுபோல் சத்தம் கேட்கும். மண்டபத்தைப் பெருக்க வரும் அமிர்தம் அக்கா எட்டிப்பார்ப்பார். நான் எறிந்தால் அவர் துடைப்பம் நிற்காது.

“ஒன் பந்து சம்பந்தி ஊட்டு மாமா மாரி ஆடி அசைஞ்சி வருது மச்சான்” என்பான் கதிரவன். நானும் சிரிப்பேன்.

பயிற்சியாளர் சார்லஸ் கடலூரில் இருந்தார். எறிகிறவன் வலியை மறைப்பான் என்பது அவர் எண்ணம். அதனால் சாயங்காலம் போனில் என்னிடம்தான் கேட்பார். அவர் விதி எளிது: தசை கடுத்தால் எறியலாம், மூட்டில் குத்தினால் நிறுத்திவிட வேண்டும்.

வேகம் கூட்டுவதற்காக சார்லஸ் சொன்ன கனமான பந்தை எறியத் தொடங்கிய பிறகு, ஒருநாள் கதிரவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“உள்பக்கமா ஊசி மாரி குத்துது மச்சான். சார்கிட்ட சொல்லு. நிறுத்தச் சொன்னாருன்னா நிறுத்திடறேன்.”

“கை கடுக்குதாம் சார்” என்று சாயங்காலம் போனில் சொன்னேன்.

“நல்லதுதான்டா, கைக்குப் பலம் ஏறுது. கனப்பந்தையே போடச் சொல்லு.”

“போடச் சொல்றாரு” என்றேன் கதிரவனிடம். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

அவன் மறுபடியும் குத்துகிறது என்றான். நான் மறுபடியும் கடுக்கிறது என்றேன். இன்னொருவன் வலிக்கு இதுதான் பெயர் என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான். எந்த இடத்தில் அழுத்தினால் அவன் முகம் சுளிக்கிறது என்று கவனித்துவைத்துக்கொண்டேன். அந்த இடம் நாளுக்கு நாள் பெரிதாகியது.

தேர்வுக்கு முந்தின வாரம் அவன் எறிந்த ஒரு பந்து தார்ப்பாயை எட்டவில்லை. துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் அவன் கைக்குள்ளிருந்து வந்தது. அமிர்தம் அக்கா அதற்கும் எட்டிப்பார்த்தார்.

தசைநார் அறுந்துவிட்டது என்றார் மருத்துவர். இனி வேகமாக எறிய முடியாது. தேர்வில் என்னை எடுத்தார்கள். எங்கள் பக்கம் வேறு கேட்சர் இல்லை.

குத்துகிறது என்று தெரிந்தேதான் கடுக்கிறது என்றேன். அந்தக் கை போக வேண்டும் என்றுதான் சொன்னேன். இதை நான் மறுக்கவில்லை.

மாநில முகாமுக்குக் கிளம்பிய அன்று கதிரவன் என் பையை இடது கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். “எனக்காகத் தெனமும் சார்கிட்ட பேசுனது இவன்தான்” என்று கண்டக்டரிடம் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். அந்த மாதம் முழுக்க அவன் கைமேல் என்னளவுக்கு அக்கறையாக இருந்தவர்கள் யாருமில்லை.