ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறாம் வருஷத்துக் கத்தி

கத்தியை ஈரத்தோடு மடக்கக் கூடாது ஐயா. உங்கள் ஏட்டு அப்படித்தான் மடக்கி உறையில் போட்டார். துருப்பிடித்தால் பிறகு என்னைக் கேட்கக் கூடாது. மற்றபடி இந்த ஸ்டேஷனில் என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள், டீயும் திக்காக இருக்கிறது. அதனால் கேட்பதற்கெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பரசுராமன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். ராயபுரத்துக்கு ரயில் வந்த 1856-இல் என் முப்பாட்டனார் படகோட்டி. கப்பலிலிருந்து தண்டவாளம் இறக்கும்போது கடலில் விழுந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரை, முடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டாராம். அந்தத் துரை கொடுத்தது இந்தக் கத்தி. ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் கயிற்று முடிச்சை நெம்ப விரல் நீள ஊசி. நைனா சாகும்போது வீட்டை அண்ணனுக்கும் கத்தியை எனக்கும் கொடுத்தார். ஏமாந்தது அண்ணன்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்குப் பெண்ணே கிடைத்தது. கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் கத்திக்காரர் வந்துவிட்டார் என்று நாற்காலி போடுவார்கள். கிரேன் ஓட்டியவனுக்கு யார் ஐயா நாற்காலி போடுகிறார்கள்?

இந்த 2006-இல் ரயில் நிலையத்துக்கு நூற்றைம்பது வயது. எங்கள் தெரு மன்றத்தில் பழம்பொருள் கண்காட்சி வைத்தார்கள். வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் என் கத்தி, பக்கத்தில் முப்பாட்டனார் பெயர் என்று முடிவாயிற்று. பொருளுக்கு வயது பார்த்து அட்டை எழுதும் வேலையை ராசையாவிடம் விட்டார்கள். பழைய கப்பல் சாமான் வாங்கி விற்பவன், எனக்கு நாற்பது வருஷ தோஸ்து. ஒரு பித்தளைத் திருகாணியைப் பார்த்தே கப்பலின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு தப்பு வழிவழியாக நடந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அலகின் அடியில் சந்தனம் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைப்போம். பழையதைச் சுரண்டினால் பாவம் என்பார் நைனா. நூற்றைம்பது வருஷச் சந்தனம் அங்கே சிமெண்டாக இறுகிக் கிடந்தது. ராசையா பாவ புண்ணியம் பார்க்கிறவனில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போனேன். சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தான். சின்னதாக ஓர் அம்புக்குறி, அதன் கீழே 1943.

"மிலிட்டரி கத்தி மாமு. சண்டைக்கோசரம் அடிச்சது. அம்பு போட்டிருந்தா சர்க்கார் சாமானு," என்றான்.

யாராவது பிற்பாடு பொறித்திருக்கலாமே என்றேன். அவன் இழுப்பறையைத் திறந்து நாலு கத்திகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தான். அதே ஊசி, அதே அம்பு, அதே வருஷம். சண்டை முடிந்ததும் அவன் அப்பா மூட்டையாக ஏலத்தில் எடுத்து, துறைமுக வாசலில் கூறுகட்டி விற்றதில் மிச்சமாம். "உங்க நைனா எங்க நைனாகிட்ட வாங்கிகினு போயிருப்பாரு. வுடு மாமு, இதுவும் நல்ல கததான்," என்று சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

1856 என்றே எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"பொய்ய மட்டும் எழுத மாட்டேன். உனக்கோசரம் வேற இன்னா வேணா கேளு," என்றான்.

வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. அவன் குனிந்து அட்டையில் எழுத ஆரம்பித்தான். ஒன்று, ஒன்பது, நாலு வரை எழுதிவிட்டான். மூன்றை எழுத நான் விடவில்லை. காதுக்குக் கீழே, ஒரே தடவைதான். அவ்வளவு பழைய இரும்பு இவ்வளவு கூராக இருந்ததில் எனக்கே கொஞ்சம் பெருமை.

அட்டையைக் கிழித்துப் போட்டேன். கத்தியைக் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, எழுத்து இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ராசையாவின் பாடையை முன்பக்கம் தூக்கியது நான்தான். தோள் இரண்டு நாள் வலித்தது.

கண்காட்சிக்கு அட்டையை நானே எழுதினேன். மூன்று நாளும் நல்ல கூட்டம். இரண்டாம் நாள் நீங்களும் குடும்பத்தோடு வந்தீர்கள். மகளைத் தூக்கிக் காட்டி, எவ்வளவு பழசு பார் என்றீர்கள். என் மனசு நிறைந்துவிட்டது ஐயா. ராசையாவின் மேஜைமேல் கிடந்த நாலுக்கும் இதற்கும் ஒரே ஜாடை என்று அப்போதே நீங்கள் கவனித்தது எனக்குத் தெரியாது. அவற்றை அங்கேயே விட்டு வந்தது என் அஜாக்கிரதை.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆனால் பறிமுதல் பட்டியலில் 'மடக்குக் கத்தி ஒன்று, வருஷம் 1943' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. பொய் என்று தெரிந்துகொண்டே அதில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?