உரலில் வந்த காந்தம்

"ஹலோ... ஹலோ, கிஷாந்த்? கேக்குதா?... வெட்டிறாத. இங்க தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னாத்தான் சிக்னல்... ஆமா, ஆமா, பொகவந்தலாவை வீட்டுலதான். ஜப்பான்காரங்க வந்துட்டாங்களா?... பத்தரைக்கா? ஐயோ, இருவது நிமிசந்தான இருக்கு!"

சர்மிளா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒன்றரை வருஷம் இருவரும் பல்கலைக்கழக லேபில் மாரடித்த ஆராய்ச்சி. அதை அந்த ஜப்பான்காரர்களுக்குக் காட்டித்தான் ராகலை ஊர்க்காரன் கிஷாந்துக்கு ஜப்பானில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்க வேண்டும்.

"அந்தக் காந்த கிராஃப மட்டும் காட்டாத... சொல்றதக் கேளு. நம்ம சாம்பிள் கடுங்குளிர்ல கரண்ட தடையே இல்லாம விடுது, அது நெசம். அதே நேரத்துல காந்தமாவும் இருக்குன்னமே... ஆமா, ஆமா, வழக்கமா ரெண்டும் சேந்து இருக்காதேன்னு நம்ம சேர் கூட ஆச்சரியத்துல குதிச்சாரே... அது பொய்டா."

"...லைன்ல இருக்கியா? லேப் கல்லுரல் ஒடஞ்சப்ப சாம்பிள நான்தான அரைச்சுக் குடுத்தேன்? எதுலன்னு நீ கேக்கல... எங்க வீட்டுல இஞ்சி இடிச்ச இரும்பு உரல்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. இன்னைக்கு அதுல வெறும் கல்லுப்ப இடிச்சு, காந்தத்த வச்சுப் பாத்தேன். கறுப்பா தூள் ஒட்டுது... உப்புலடா! உரல் தேஞ்சு சாம்பிள்ல கலந்திருக்கு. என் தப்பு, சேர்கிட்ட நானே... என்ன?... ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

அவள் சட்டென்று தொட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப?... போன மாசமா? வேற கல்லுரல்ல அரைச்சுப் பாத்தியா?... காந்தம் வரலன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தியா?... நான் மாட்டக்கூடாதுன்னா? என் பேர சாக்காச் சொல்லாத!... கத்தல. இடம் கெடைக்கலன்னா ஒங்க அம்மா அழுவாங்கதான்... தெரியும், தெரியும், ஒனக்கு இத விட்டா வேற வழியில்ல. அதுக்காகப் பொய்யக் காட்டுவியா?... அப்ப நான் சேருக்குக் கோல் எடுக்கிறேன்... மெரட்டல, சொல்றேன். கிஷாந்த்... ஹலோ?"

வெட்டிவிட்டான். ஆத்திரத்தோடு அவளுக்கு அழுகையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பேராசிரியரின் எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ... சேர், சர்மிளா பேசுறேன். அந்த கிராஃப நிப்பாட்டுங்க சேர், அது பிழை... ஆமா சேர், இரும்பு உரல்ல அரைச்சது நான்தான்... இல்ல சேர். கிஷாந்துக்கு ஒண்ணுமே தெரியாது."